ஒரே ஆளுக்கு இரண்டு ரத்தம்

"எழுது பில்கிஸ்," என்றான் ஜெயசீலன். நாற்காலியைப் பின்னங்கால்களில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். "ரத்தம் பேசியது. ஜெயசீலன் கேட்டான்."

"எந்த பாஷைல சார் பேசிச்சு? தமிழா, உருதுவா?"

"பேப்பருக்குக் கொடுக்கப் போற செய்தி இது. சொன்னதை எழுது."

"உருதுன்னா என்னைக் கூப்ட்டிருக்கலாமே. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கப் போறீங்க."

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது 'சீலன் டிடெக்டிவ்ஸ்' அலுவலகம். தமிழ்நாட்டுத் துப்பறிவாளர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, உங்களில் யார் புத்திசாலி என்று கேட்டால் ஜெயசீலன் தயங்காமல் கையைத் தூக்குவான். வேறு யாரும் அவனைக் காட்ட மாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அதனால்தான் தானே தூக்கிவிடுவது. பில்கிஸ் அவனுடைய உதவியாளர், ஆம்பூர்ப் பெண். வண்டி ஓட்டுவாள், போட்டோ எடுப்பாள், முதலாளி ரொம்ப உயரத்தில் பறந்தால் காலைப் பிடித்துத் தரைக்கு இழுப்பாள். மூன்றாவது வேலைதான் அவளுக்கு ஜாஸ்தி.

அன்று அவன் பறந்ததற்குக் காரணம் இருந்தது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் கேஸை முந்தின நாள்தான் முடித்துக் கொடுத்திருந்தான். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இந்தக் கதையில் மானம் போகப் போகிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

பொங்கல் லீவில் அந்தக் கம்பெனியின் ஷேட் ரூமை, அதாவது தோலுக்கு நிறம் ஒத்துப் பார்க்கிற அறையை, யாரோ சாவி போட்டுத் திறந்து ஒரு துண்டுத் தோலைக் கொண்டுபோய்விட்டார்கள். துண்டு உள்ளங்கை அகலம்தான். ஆனால் தோல் வாங்குகிற ஜெர்மன்காரன் சீல் வைத்து ஒப்புக்கொண்ட பழுப்பு நிறம் அது. அந்த நிறத்தைப் பிடிக்க வருஷம் முழுக்க டிரம் டிரம்மாகத் தோலைப் பாழாக்கியிருந்தார்கள். மாசி பிறப்பதற்குள் அதே பழுப்பில் வேறு ஒரு கம்பெனியின் ஷூ கடைக்கு வந்துவிட்டது.

அறைக்குச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவன் கலர் மேட்சர் ஜான்சன். இன்னொருவர் அட்மின் மேனேஜர் ராமமூர்த்தி. ஜெயசீலனைத் தேடிப் பிடித்து இந்தக் கேஸுக்கு அமர்த்தியவரே அவர்தான். பொங்கல் வாரம் நிமோனியாவில் படுத்திருந்ததாக இரண்டு பேருமே சொன்னார்கள். நம்பக்கூடிய விஷயம்தான். அந்தக் குளிரில் கம்பெனியில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் காசிநாதன் பார்த்தது, குரங்குக் குல்லாயும் மாஸ்க்கும் போட்ட ஒரு உருவத்தை. ஷேட் ரூமுக்குப் போகிற இரும்புப் படியில் அது தடதடவென்று ஓடி ஏறியதாம். நிமோனியாவில் கிடப்பவன் அந்தப் படியில் ஏறினால் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவான். ஆக, யாருடைய நிமோனியா பொய்யோ அவனே திருடன்.

இந்த இடம் வரைக்கும் ஜெயசீலனின் மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

அந்த வாரம் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்திருந்தார்கள். ஒரு கிருமி உள்ளே புகுந்தால் அதை எதிர்க்க உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கும், அது ரத்தத்தில் தெரியும் என்று ஜெயசீலன் போனில் படித்துத் தெரிந்துகொண்டான். ராமமூர்த்தியின் ரத்தத்தில் நிமோனியாக் கிருமிக்கான ஆன்டிபாடி கொட்டிக் கிடந்தது. ஜான்சனின் ரத்தத்தில் துளிகூட இல்லை. கேஸ் முடிந்தது என்று அவன் தொடையைத் தட்டினான். முந்தின நாள், ஷேட் ரூம் ஆட்கள் அத்தனை பேரையும் நிற்கவைத்து, அவர்கள் நடுவில் ஜான்சனுக்கு நேராக விரலை நீட்டினான். நீட்டும்போது முகம் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று காலையிலேயே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தான் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

"அடுத்த வரி," என்றான் இப்போது. "கயவன் கதிகலங்கி நின்றான்."

"அந்த கயவனோட சம்சாரம் வந்திருக்காங்க சார்," என்றாள் பில்கிஸ்.

ஜெயசீலன் கண்ணைத் திறந்தான். நாற்காலி நான்கு காலுக்கு வந்தது.

வாசலில் ஹெலன் நின்றாள். அதே கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசர். காலை ஷிஃப்டுக்குப் போகாமல் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இன்னா சார் நீங்க? எங்க வீட்டுக்காரரைத் திருடன்னு சொன்னீங்களே, கேம்ப்ல எடுத்த ரத்தத்தைப் பாத்துட்டுதான் சொன்னீங்களா?"

கேம்ப் என்றால் ஆடிட் கேம்ப். வெளிநாட்டுப் பார்ட்டி ஆடிட்டுக்கு வரும் முன்னால் தொழிலாளர்களுக்கு வைத்தியப் பரிசோதனை நடக்கும். இந்தத் தடவை நிமோனியா சுற்றி வந்ததால் ஷேட் ரூம் பக்கம் போய் வருகிற எல்லாருக்கும் ஆன்டிபாடியும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பிப்ரவரிக் கடைசியில் நடந்தது. ஜெயசீலன் அப்போது வேறு பெயரில், ஆடிட் உதவியாளன் என்ற வேஷத்தில், ராமமூர்த்தியின் அறையிலேயே உட்கார்ந்து உளவு பார்த்துக்கொண்டிருந்தான். கேம்ப் முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவனும் அவன்தான்.

"பாத்தேம்மா," என்றான் பெருந்தன்மையாக. "இப்ப அவருக்கு ஆன்டிபாடி நிறைய இருக்கு. பொங்கலப்ப இல்ல. இதுலேர்ந்து இன்னா தெரியுது? நிமோனியா பொங்கலுக்கு அப்புறம்தான் வந்திருக்கு. அப்ப அவர் நல்லா இருந்திருக்காரு. படியேறியிருக்காரு."

"பொங்கலுக்கு அப்புறம் வந்துச்சா? தை மாசம் ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஒரு நாள் லீவு போடாம வேலைக்கு வந்தாரு சார்! நிமோனியாவோட தோல் தூக்கினாராமா?" ஹெலனின் குரல் உடைந்தது. "பொங்கலன்னிக்குப் பாத்ரூம் போறதுக்கு நானும் எங்க அண்ணனும் ரெண்டு பக்கம் புடிச்சோம். எக்ஸ்ரே எடுத்தோம். அந்த ஃபிலிமை மெடிக்கல் லீவுக்குன்னு ராமமூர்த்தி சார் கையிலதான் குடுத்தேன். இப்பக் கேட்டா வந்து சேரவே இல்லன்றாரு."

ஜெயசீலன் மேஜை மேலிருந்த பேப்பர் செய்தியைக் கவிழ்த்து வைத்தான்.

"சாயந்திரம் அஸர் தொழுகை முடிஞ்சதும் முதலாளி சாஹிப் ஸ்டேஷனுக்குப் போறாரு, கம்ப்ளெயின்ட் குடுக்க," என்றாள் ஹெலன். "போய்ட்டார்னா முடிஞ்சுது சார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, எந்தக் கம்பெனி கேட்லயும் இவரை உள்ள விட மாட்டாங்க. திருட்டுக் கேஸ் ஆளுக்குக் கலர் ரூம் சாவி யார் குடுப்பா? ராத்திரி முழுக்கச் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு. எனக்குப் பயமா இருக்கு."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

"பேப்பர் செய்தியை டைப் பண்ணிடட்டுமா சார்?" என்றாள் பில்கிஸ்.

"வண்டியை எடு," என்றான் ஜெயசீலன்.

டாக்டர் நந்தினி பாகாயம் போகிற வழியில், வீட்டின் முன்னறையில் கிளினிக் வைத்திருந்தார். ஜெயசீலனின் நெஞ்சுச் சளிக்கு வருஷக்கணக்காக மருந்து எழுதுகிறவர். அவன் மூச்சுவிடாமல் கேஸைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஜான்சனோட முதல் ரத்தம் எப்ப எடுத்தது?"

"காய்ச்சல் வந்த மூனாம் நாள்னு போட்டிருக்கு."

"மூனாம் நாள்ல இன்னா தெரியும்னு எதிர்பாத்தே?"

"ஆன்டிபாடி."

"ஏம்ப்பா, கிருமி உள்ள வந்த அன்னிக்கே உடம்பு ரெடியா வச்சிருக்குமா? அதை அடையாளம் கண்டுக்கணும், அப்புறம் எதிர்ப்புச் சரக்கைத் தயார் பண்ணணும். ஆரம்பத்துல ரத்தத்துல ஒன்னும் தெரியாமலே போகலாம். ஒரு வாரம் பத்து நாள்ல ஒரு வகை ஏறும். அடுத்த வகை மெதுவா ஏறி, ஒரு மாசம் சுமாருக்கு உச்சத்துல நிக்கும். நோயாளி எழுந்து நடமாடிட்டிருப்பான், ரத்தத்துல அப்பதான் அளவு ஜாஸ்தியா இருக்கும். அப்புறம் மாசக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமா இறங்கும். அதனாலதான் நாங்க ரெண்டு தடவை எடுப்போம். படுத்திருக்கப்ப ஒன்னு, எழுந்தப்புறம் ஒன்னு. முதல்ல கம்மி, அப்புறம் நாலு மடங்கு, எட்டு மடங்குன்னு ஏறியிருந்தா, அந்த முதல் ரத்தம் எடுத்தப்ப நோய் புதுசுன்னு அர்த்தம்."

"ஜான்சனுக்கு அப்படித்தான் ஏறியிருக்கு," என்றாள் பில்கிஸ்.

"அப்ப அந்த ஆளு பொங்கலப்ப நிஜமாவே படுத்திருந்தான். பரீட்சையில இதைவிட நல்ல கேஸ் கொடுக்க முடியாது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வச்சுத் தீர்ப்புச் சொல்றவன் டாக்டர் இல்ல."

"துப்பறிவாளரும் இல்ல," என்று பில்கிஸ் முடித்துக் கொடுத்தாள்.

ஜெயசீலனுக்குக் காது மடல் சூடாயிற்று. நேற்று நீட்டிய விரலை இன்று எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"சரி டாக்டர், ஜான்சன் நிஜம். அப்ப ராமமூர்த்தி?" போனைத் திறந்து ஜனவரி ரிப்போர்ட்டைக் காட்டினான். "இவரும் காய்ச்சல் வந்து மூனாம் நாள்னு சொல்லித்தான் எடுத்திருக்காரு."

நந்தினி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "மூனாம் நாளா? இது உச்சத்துல நிக்குதே. முதல்ல வர்ற வகை மங்கிப்போச்சு, ரெண்டாவது வகை நிறைஞ்சிருக்கு. போன மாசமே படுத்து எழுந்தவன் ரத்தம் மாதிரி இருக்கு. ஆனா நான் இப்பதான் சொன்னேன், ஒன்னை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். கேம்ப்ல எடுத்த இவரோட ரெண்டாவது ரத்தம் இருக்கா? டிசம்பர் நோயா இருந்தா இப்ப இறங்க ஆரம்பிச்சிருக்கும்."

ஜெயசீலன் கேம்ப் முடிவுகளைத் திறந்து கொடுத்தான். நந்தினி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நின்றார். முன்னால் போனார், பின்னால் வந்தார்.

"இது அந்த ஆளு ரத்தமே இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"சுத்தமா ஒன்னுமே இல்லைன்னு வந்திருக்கு. அவ்வளவு உச்சத்துல இருந்தது ரெண்டு மாசத்துக்குள்ள துடைச்சு வச்ச மாதிரி போகாது. இறங்கும், மறையாது. அவர் பேர்ல வேற எவனோ கையை நீட்டியிருக்கான்."

ஜெயசீலன் எழுந்தே நின்றுவிட்டான். இழந்த தெம்பு எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வந்தது. ஆடிட் கேம்ப்பில் ஒருத்தர் பெயரில் இன்னொருத்தர் ரத்தம் கொடுப்பது அந்தப் பக்கம் புதிதில்லை. லீவில் போனவன், ஊசிக்குப் பயந்தவன், மிஷினை விட்டு வர முடியாதவன், எல்லாருக்கும் சேர்த்துத் தெம்பான தோஸ்த் ஒருவன் கை நீட்டுவான். தலைக்கணக்கு சரியாக இருந்தால் ஆடிட்காரன் திருப்தியாகப் போய்விடுவான்.

"ஆள் மாறாட்டம்!" என்று முழங்கினான். "இரண்டாவது ரத்தம் தன்னைக் காட்டிக் கொடுக்கும்னு ராமமூர்த்திக்குத் தெரியும். ஆளை வச்சுக் குடுத்திருக்கான். அந்தக் கூலிக் கையைக் கண்டுபிடிச்சாப் போதும், கேஸ் முடிஞ்சுது. எவன் அந்த மடையன்?"

"அதுவும் இதுலயே இருக்கே," என்றார் நந்தினி. "இங்க பாரு. ராமமூர்த்தின்ற பேருக்கு நேரா இருக்கிற சுகர், கொழுப்பு, ஹீமோகுளோபின், எல்லாமே இன்னொருத்தன் கணக்கோட அச்சு அசலா ஒத்துப் போகுது. புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்லதான் ஒன்னு ரெண்டு வித்தியாசம். ஒரே ஆள் ரெண்டு தடவை குடுத்திருக்கான். அந்த இன்னொரு பேரு ஜோசப்."

"ஜோசப்!" ஜெயசீலன் உள்ளங்கையில் குத்திக்கொண்டான். "நான் அப்பவே சந்தேகப்பட்டேன். பாத்தாலே திருட்டு முழி. பில்கிஸ், யார் இந்த ஜோசப்? எந்த செக்‌ஷன்? இன்னிக்கே தூக்குறோம்."

பில்கிஸ் அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கேலி இல்லாமல் இரக்கம் தெரிந்தது. அதுதான் அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது.

"சார்," என்றாள். "ஜோசப் நீங்கதான்."

கம்பெனியில் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ராமமூர்த்தி. அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டவரும் அவரே. யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவன் 'ஆடிட் சார்'தான். அதனால் அவனுக்கே அது மறந்துபோயிருந்தது. இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கேம்ப் அன்று ராமமூர்த்தி தோளில் கை போட்டு, 'சீலன் சார், ஊசின்னா எனக்குத் தலை சுத்தும், என் பேர்லயும் நீங்களே குடுத்துடுங்களேன்' என்று கேட்டார். மேனேஜரே நம்மிடம் உதவி கேட்கிறாரே என்று உச்சி குளிர்ந்துபோய் இவன் வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று கொடுத்தான். ரத்தம் கொடுத்தவர்களுக்கு பிஸ்கட் பாக்கெட் தந்தார்கள். இரண்டு வாங்கி, இரண்டையும் தானே தின்றான்.

"மடையன்னு சொன்னதைத் திருப்பி எடுத்துக்கிறியாப்பா?" என்றார் நந்தினி.

"வேணாம் டாக்டர். பொருத்தமாத்தான் இருக்கு," என்றான் ஜெயசீலன்.

ஆம்பூருக்குப் போகும் வழியில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியது. ஸ்கூட்டியின் பின்னால் ஜெயசீலன் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. ஹெல்மெட்டுக்குள் அவன் தனக்குத்தானே ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தான். ஜான்சனின் இரண்டு ரிப்போர்ட்டை மட்டும் காட்டி அவனைக் காப்பாற்றிவிட்டு, ராமமூர்த்தி விஷயத்தை நைசாக விட்டுவிட்டால் என்ன? தன் கை வெளியே தெரியாது.

"பில்கிஸ், ஜான்சனோட ரத்தத்தை மட்டும் காட்டினா சாஹிப் விட்டுடுவாரா?"

"ராமமூர்த்தி பக்கத்துல நின்னு, லேப்ல தப்பு சாஹிப், எல்லாம் குளறுபடின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவர் இருபது வருஷ மேனேஜர். நீங்க மூனு வார ஜோசப்."

"ரிப்போர்ட்ல ஜோசப், ராமமூர்த்தி ரெண்டு வரியும் என் ரத்தம்னு நான் சொன்னாதான் நிக்கும்."

"ஆமா."

"சொன்னா, நம்ம போர்டை இறக்கிட வேண்டியதுதான். கிளையன்ட்டுக்கே கள்ள ரத்தம் குடுத்த துப்பறிவாளன்னு வேலூர்ல சின்னப் புள்ளகூடச் சிரிக்கும்."

"போர்டு ஏற்கெனவே ஒரு ஆணியிலதான் சார் தொங்குது," என்றாள் பில்கிஸ். பிறகு கேலியை விட்டுச் சொன்னாள். "அந்த அக்கா பயமா இருக்குன்னு சொன்னாங்க சார். எனக்கு அதுவே காதுல ஓடிட்டிருக்கு."

ஜெயசீலனுக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குத் தன் வாய்தான் காரணம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கொஞ்சம் வேகமாப் போயேன்," என்றான்.

கம்பெனி வாசலில் ஜான்சன் நின்றான். உள்ளே விடாததால் வேலியோரம் வேப்பமர நிழலில், ஹெலனோடு. இளைத்த உடம்பு, சட்டை தொளதொளத்தது. ஜெயசீலனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜெயசீலன் தலையைக் குனிந்தபடி உள்ளே ஓடினான்.

முதலாளி அப்துல் வஹாப் தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், காரில் ஏறப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் ராமமூர்த்தி கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"சாஹிப், ஸ்டேஷனுக்குப் போகாதீங்க! நான் சொன்னது தப்பு!"

"இன்னா ஜெயசீலன், நேத்து ஒன்னு சொல்றே, இன்னிக்கு ஒன்னு சொல்றே. ஒரே பேஜாராப் போச்சு உன்னோட," என்றார் வஹாப். ஆனாலும் காரில் ஏறவில்லை.

ஜெயசீலன் சொன்னான். ஜான்சனின் ரத்தம் ஏறிய கதையைச் சொன்னான். ராமமூர்த்தியின் ரத்தம் ஜனவரியில் உச்சியில் நின்றதையும், கேம்ப்பில் காணாமல் போனதையும் சொன்னான். டாக்டர் சொன்னதைத் திக்கித் திணறி, பில்கிஸ் இரண்டு இடத்தில் திருத்த, ஒரு வழியாக முடித்தான்.

ராமமூர்த்தி அசரவில்லை. லேசாகச் சிரித்தார். "லேப்காரங்க டியூபை மாத்திட்டிருப்பாங்க சாஹிப். நூறு பேரு ரத்தம், ஒன்னு ரெண்டு கலந்துடும். இதுக்குப் போய் இவ்வளவு கதையா?"

"மாத்தல," என்றான் ஜெயசீலன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெயசீலன் சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டினான். "அது என் ரத்தம் சாஹிப். ஜோசப் பேர்ல ஒன்னு, இவர் பேர்ல ஒன்னு. ரெண்டு வரியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. சுகர், கொழுப்பு எல்லாம் ஒன்னுதான். இன்னொரு தடவை வேணும்னாலும் எடுத்துக்குங்க, ஆன்டிபாடி இல்லன்னுதான் வரும்."

வஹாப் போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு வரியையும் விரல் வைத்து ஒப்பிட்டார். "நீ ஏன்யா குடுத்தே?"

"கேட்டாரு. குடுத்தேன்."

"எதுக்குன்னு கேக்கலியா?"

"கேக்கல சாஹிப். பிஸ்கட் குடுத்தாங்க."

பில்கிஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர் இருமுவதுபோல் வாயைப் பொத்தினான்.

வஹாப் சிரிக்கவில்லை. ராமமூர்த்தியை ஏற இறங்கப் பார்த்தார். "மூர்த்தி, டிசம்பர்ல சோளிங்கர் போனே. மாமியார் ஊரு, ரெண்டு வாரம் லீவு. ஒவ்வொரு தடவை மலைக்குப் போய்ட்டு வந்தாலும் ஆபீஸ் பூராவும் பிரசாதம் குடுப்பே. எனக்குத் தனியா எடுத்து வைப்பே. இந்த வாட்டி ஒன்னும் வரல. இளைச்சுப்போய் வந்தே, மலை ஏறினேன்னு சொன்னே. நானும் மறந்துட்டான் போலன்னு விட்டுட்டேன். நீ மலையே ஏறலியா? அங்க நிமோனியாவுல படுத்திருந்தியா?"

ராமமூர்த்தி கார்க் கதவைச் சாத்தினார்.

"டிஸ்பென்சரில நர்ஸ் இருக்காங்க," என்றார் வஹாப். "கையை நீட்டு. பொங்கலப்ப வந்த நோயின்னா அப்புறம் ஏறியிருக்கும். முன்னமே வந்ததுன்னா இறங்கியிருக்கும். ஒரு டியூப்தான். நீ சொல்றதுதான் சரின்னா நானே ஜெயசீலனை உள்ள தூக்கிப் போடச் சொல்றேன்."

ராமமூர்த்தியின் சட்டை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தது. அவர் விரல் அந்தப் பட்டன் பக்கம் போகவேயில்லை. வஹாப் காத்திருந்தார். கடைசியில் ராமமூர்த்தி சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்து காரின் பானெட் மேல் வைத்தார்.

"வாணியம்பாடியில புதுக் கம்பெனி," என்றார் தரையைப் பார்த்தபடி. "ஜி.எம். நாற்காலி தர்றேன்னாங்க. இங்க இருபது வருஷமா மேனேஜராவே இருக்கேன் சாஹிப்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல," என்றார் வஹாப். அந்தக் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

ஜெயசீலனால் வாயை அடக்க முடியவில்லை. அடக்கியிருக்கலாம். "ஒன்னே ஒன்னு சொல்லுங்க மூர்த்தி சார். திருடினது நீங்க. அப்புறம் எதுக்கு ஒரு துப்பறிவாளனைத் தேடிப் பிடிச்சீங்க?"

"சாஹிப் யாரையாவது வைக்கச் சொன்னாரு. கண்டுபிடிக்காத ஆளா வேணும்னு வேலூர்ல மூனு பேர்கிட்ட விசாரிச்சேன். மூனு பேரும் உங்க பேரைத்தான் சொன்னாங்க."

"விளம்பரமே இல்லாம இவ்வளவு பேர் வாங்கியிருக்கீங்க சார்," என்று பில்கிஸ் மெதுவாகச் சொன்னாள்.

வஹாப் கம்ப்ளெயின்ட் காகிதத்தை நான்காகக் கிழித்து டிரைவர் கையில் கொடுத்தார். ஜான்சனை உள்ளே கூட்டிவரச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பினார். வாட்ச்மேன் தனியாகத் திரும்பி வந்தார்.

"வர மாட்டேன்றாரு சாஹிப். துப்பறியிறவரை வெளிய வரச் சொல்றாரு."

ஜெயசீலன் போனான். வேப்பமர நிழலில் ஜான்சன் இவனுக்காகவே காத்திருந்தான். வாட்ச்மேன் காசிநாதன் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஹெலன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க ஜான்சன். நான் அவசரப்பட்டுட்டேன். சாஹிப்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், உங்களைக் கூப்பிடுறாரு."

"சாஹிப்கிட்ட சொன்னீங்க, சரி," என்றான் ஜான்சன். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "நேத்து அவர்கிட்ட மட்டுமா சொன்னீங்க? என்கூட வேலை செய்றவன் அத்தனை பேரும் நின்னான். இன்னிக்குக் காலைல டீக்கடையில நான் பெஞ்சுல உக்காந்தா பக்கத்துல இருந்தவன் பையை எடுத்து மடியில வச்சுக்கிறான். அவன்கிட்ட யாரு சார் சொல்லுவா? சாஹிப் போய்ச் சொல்லுவாரா?"

ஜெயசீலன் கேட் பக்கம் திரும்பினான்.

அந்த நேரம் ஷிஃப்ட் விடுகிற சைரன் ஊதியது. கேட் திறந்ததும் ஆயிரம் பேர் ஒன்றாக வெளியே வந்தார்கள். டிபன் பையோடு தையல் பெண்கள், கைவிரல் எல்லாம் சாயமேறிய டிரம் ஆட்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிலர். ஜான்சனைப் பார்த்ததும் பேச்சுக் குறைந்தது. சிலர் பார்க்காதது மாதிரி ஒதுங்கி நடந்தார்கள்.

ஜெயசீலன் அக்கம்பக்கம் பார்த்தான். கேட்டை ஒட்டி ஒரு சிமென்ட் கட்டை இருந்தது. அதன் மேல் ஏறினான். எந்தக் கோணத்தில் முகத்தை வைப்பது என்று யோசிக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினான். "நான் நேத்து ஜான்சனைத் திருடன்னு சொன்னேன். அது பொய். அவர் அன்னிக்கு நிமோனியாவுல படுத்திருந்தாரு. ரத்தத்தைப் படிக்கத் தெரியாம நான் உளறிட்டேன். திருடினது அவர் இல்ல. மடையன் நான்தான்!"

கூட்டம் நின்றுவிட்டது. யாரோ விசில் அடித்தார்கள். ஷேட் ரூம் ஆள் ஒருவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து ஜான்சனின் கையைப் பிடித்தான். ஜெயசீலனுக்கு முகமெல்லாம் வேர்த்தது. ஒரு வழியாக முடிந்தது என்று கட்டையிலிருந்து இறங்க ஒரு காலைக் கீழே வைத்தான்.

"கேக்கல சார்," என்றாள் ஹெலன்.

அவனுக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர் காயவில்லை. முகத்தில் விட்டுக் கொடுக்கிற உத்தேசம் கொஞ்சமும் இல்லை.

ஜெயசீலன் காலைத் திரும்ப மேலே எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் உரக்கச் சொன்னான்.